பொட்டு வைத்த சி.பி.யு.: பழைய கம்ப்யூட்டரோடு காலம் தள்ளுவது எப்படி

போன சரஸ்வதி பூஜை முடிந்த மூன்றாம் நாள், ஆடுதுறைப் பக்கமிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் டி.வி.எஸ். 50இன் முன்னால் ஒரு உரச்சாக்கை இடுக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். சாக்குக்குள் சி.பி.யு. "பூஜைக்குத் தொடச்சு வச்சேன் தம்பி, அதுலேருந்து ஆன் ஆகமாட்டேங்குது" என்றார். முன்பக்கத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. வருஷா வருஷம் வைத்த சந்தனமும் குங்குமமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, பவர் பட்டனுக்கும் அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்குக்கும் நடுவே இறங்கிக் காய்ந்து, சிமென்ட் பூசிய மாதிரி இறுகிக் கிடந்தது. பட்டனை அமுக்கினால் உள்ளே போகவே இல்லை. ஒரு பழைய டூத் பிரஷ், கொஞ்சம் ஸ்பிரிட், பத்து நிமிடம். ஆன் ஆகிவிட்டது. காசு வாங்கவில்லை, எதற்கு வாங்குவது.

ஆனால் அவர் கிளம்பவில்லை. "ஓடாட்டியும் பரவாயில்ல தம்பி. எங்கப்பா எழுதுன எங்க ஊர்க் கோயில் தலபுராணம் இதுக்குள்ள கெடக்கு. 2001ல நானே உக்காந்து அடிச்சது. நோட்டு எல்லாம் செல்லரிச்சுப் போச்சு. அது வெளியில வந்தா போதும்" என்றார்.

கும்பகோணத்தில் டி.டி.பி. (கம்ப்யூட்டரில் தட்டச்சடித்து அச்சுக்குப் பக்கம் அமைப்பது), ரிப்பேர் இரண்டையும் போட்டு இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டிவிட்டேன். பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் பத்தில் ஒன்பது பேர் கேட்பது "இதுக்கு எத்தனை ஜி.பி. ரேம் போடலாம்", "விண்டோஸ் 11 ஏறுமா". வாத்தியார் கேட்டதுதான் சரியான கேள்வி. ரேம் கடையில் கிடைக்கும். சி.பி.யு.வே கூட கிடைக்கும். உள்ளே கிடப்பது அங்கே மட்டும்தான் கிடக்கிறது, அதுவும் நம் ஆட்கள் விஷயத்தில் பெரும்பாலும் இன்றைய எந்த மெஷினிலும் படிக்க முடியாத தமிழில் கிடக்கிறது. அதனால் இந்தக் கட்டுரையில் சரக்கை வெளியே எடுப்பதைத்தான் முதலில் சொல்லப்போகிறேன், மெஷினைச் சரிசெய்வது அப்புறம்.

முதலில் ஹார்ட் டிஸ்க்

வருஷக்கணக்கில் பரண்மேல் கிடந்த கம்ப்யூட்டர் என்றால் எடுத்தவுடனே பிளக்கைச் சொருகி ஓடுகிறதா என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். பழைய ஹார்ட் டிஸ்க் ஒவ்வொரு முறை சுற்றத் தொடங்குவதும் அதற்குப் பாரம். 'டக்... டக்... டக்' என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள், அது சாகக் கிடக்கிறது. அதில் முக்கியமானது ஏதாவது இருந்தால் டேட்டா ரெக்கவரி செய்கிறவரிடம் அப்படியே கொடுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் ஒரு தடவை ஓடும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். வெளியே எடுத்ததும் வியர்க்கும், உள்ளே தட்டில் ஈரம் படியும், ரெக்கவரிக்காரரும் கையை விரித்துவிடுவார்.

சத்தம் ஒழுங்காக இருந்தால், மெஷினை வைத்தே காப்பி எடுப்பதைவிட டிஸ்க்கைக் கழற்றி வேறு நல்ல மெஷினில் மாட்டுவது நிம்மதி. நான்கு ஸ்க்ரூதான். கேபிள் அகலமாக, பட்டையாக, ரிப்பன் மாதிரி இருந்தால் அது ஐ.டி.இ. (2005க்கு முந்தைய மெஷின்கள் பெரும்பாலும் இதுதான்). விரல் அகலத்துக்குள் ஒல்லியாக இருந்தால் சாட்டா. இரண்டையும் யு.எஸ்.பி.யில் மாட்டித் தருகிற கன்வெர்ட்டர் ஒன்று ஆன்லைனில் கிடைக்கிறது. வாங்கும்போது தனியாக 12 வோல்ட் அடாப்டர் கூட வருகிறதா பாருங்கள். டெஸ்க்டாப்பின் பெரிய டிஸ்க்குக்கு யு.எஸ்.பி.யிலிருந்து வரும் கரண்ட் பத்தாது. ஐ.டி.இ. டிஸ்க்கின் பின்னால் குட்டியாக ஒரு ஜம்பர் (இரண்டு பின்னை இணைக்கும் பிளாஸ்டிக் மூடி) இருக்கும், அது 'மாஸ்டர்' இடத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தெரியவே தெரியாது, டிஸ்க் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

எதை எடுப்பது? மை டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், டி டிரைவ் எல்லாம் எல்லோருக்கும் ஞாபகம் வரும். மறந்துபோவது ஒன்று உண்டு: சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டர். அதை முழுசாக அள்ளிக்கொள்ளுங்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன், ஆனால் அதை எடுக்காமல் விட்ட வலி எனக்குத் தெரியும். 2003 வாக்கில் என் சொந்த மெஷினில் வைரஸ் என்று அவசரப்பட்டு சி டிரைவை ஃபார்மட் அடித்தேன். கோப்பெல்லாம் டி டிரைவில் பத்திரமாக இருக்கிறது என்ற தைரியம். கோப்பு இருந்தது. ஒரு வாடிக்கையாளருக்காக வேறு ஊரிலிருந்து வாங்கி வந்து போட்ட ஃபான்ட் போய்விட்டது, அந்தக் கும்பாபிஷேக மலர் 64 பக்கமும் இன்றுவரை அப்படியே புரியாத எழுத்தில் தூங்குகிறது. என் தலையில் நானே போட்டுக்கொண்ட மண்.

பிளாப்பி கிடந்தால், மூன்றரை இஞ்ச் வகைக்கு யு.எஸ்.பி. டிரைவ் கிடைக்கிறது. சொருகுவதற்கு முன் அந்த உலோக மூடியைத் தள்ளி உள்ளே கருப்புத் தட்டைப் பாருங்கள். நம் ஊர் ஈரத்துக்கு வெள்ளைப் புள்ளியாகப் பூஞ்சை பூத்திருக்கும். அப்படி இருப்பதைப் போட்டால் டிரைவின் ஹெட் அழுக்காகி அடுத்துப் போடுகிற நல்ல பிளாப்பியையும் கெடுக்கும். சி.டி. ஒரு டிரைவில் படிக்காவிட்டால் இன்னொரு டிரைவில் போட்டுப் பாருங்கள், பழைய சி.டி. ஒவ்வொரு டிரைவுக்கு ஒவ்வொரு மாதிரி மசியும்.

பிளாப்பி என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அது 1.44 எம்.பி. இன்று வாட்ஸ்அப்பில் வருகிற ஒரு குட்மார்னிங் வீடியோ அதில் அடங்காது. அந்தக் காலத்தில் கலர் வேலை என்றால் கோப்பைத் துண்டு துண்டாக்கி ஐந்தாறு பிளாப்பியில் ஏற்றி, மஞ்சப்பையில் போட்டு, ராத்திரி பஸ் ஏறி சிவகாசிக்குப் போவோம். ஒரு முறை நாலாவது பிளாப்பி மதுரை தாண்டுவதற்குள் செத்துவிட்டது, அச்சகத்தில் போட்டால் கருப்புத் திரையில் 'அபார்ட், ரீட்ரை, ஃபெயில்' என்று கேட்டுக்கொண்டு நிற்கிறது. ரீட்ரை, ரீட்ரை, ரீட்ரை. அச்சகத்துக்காரர் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "அண்ணே, ஊருக்குப் போய் மறுபடி எடுத்துட்டு வாங்க" என்றார். அதற்கப்புறம் எல்லாவற்றையும் இரண்டு செட் எடுக்கிற பழக்கம் வந்தது. இப்போதும் அதே விதிதான்: எடுத்ததை இரண்டு இடத்தில் வையுங்கள். பென் டிரைவை அந்த இரண்டில் ஒன்றாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது கொண்டுபோகத்தான், வைத்துக் காப்பதற்கு அல்ல.

உள்ளே இருக்கும் தமிழ்

வாத்தியாரின் டிஸ்க் நன்றாக இருந்தது. தலபுராணமும் இருந்தது, பேஜ்மேக்கரில் (அச்சுக்குப் பக்கம் அமைக்கிற பழைய மென்பொருள்) ஒன்று, வேர்டில் ஒன்று. வேர்டு கோப்பை என் மெஷினில் திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக ஒரே குழம்பு. "போச்சா தம்பி?" என்றார். போகவில்லை. அது பாமினி ஃபான்ட்.

இதைக் கொஞ்சம் விளக்கினால்தான் என்ன செய்வது என்று புரியும். யூனிகோடு (எல்லா மெஷினுக்கும் பொதுவான குறியேற்றம், அதாவது எழுத்துக்கு எண் கொடுக்கும் முறை) வருவதற்கு முன் தமிழ் ஃபான்ட் என்பது ஒரு வேஷம். கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது ஆங்கில எழுத்துகள்தான். அந்த எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்தார்கள். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கோப்புக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரையில் அது அம்மாவாகத் தெரிவது ஃபான்ட்டின் புண்ணியம். ஃபான்ட் இல்லாவிட்டால் வேஷம் கலைந்துவிடும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் லோயர், ஹையர் பாஸ் பண்ணியவர்களுக்கு இந்த விசைகள் பழைய தட்டச்சு மெஷினை ஒட்டி வந்ததால் கை தானாக ஓடும், அதனால்தான் டி.டி.பி. கடைகளில் அது அப்படிப் பரவியது. இதில் கொடுமை என்னவென்றால் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி வரைந்தது. ஒரு கடையில் அடித்தது அடுத்த கடையில் திறக்காது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் என்ற இரண்டு குறியேற்றங்களும் வந்தன. இன்னொரு பக்கம் இணையத்தில் டிஸ்கி என்ற குறியேற்றம் புழங்கியது. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. இந்த இடைப்பட்ட காலத்தில் அடித்த கல்யாணப் பத்திரிகை, கோயில் வரவுசெலவு, கவிதை, வழக்குப் பத்திரம் எல்லாம் இத்தனை வேஷத்தில் ஏதோ ஒன்றில் கிடக்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். பழைய மெஷின் இன்னும் ஓடுகிறது என்றால், முதலில் அதிலேயே கோப்பைத் திறந்து பி.டி.எஃப். ஆக மாற்றிவிடுங்கள். பி.டி.எஃப்.புக்குள் ஃபான்ட்டும் சேர்ந்து போய்விடும், எங்கே திறந்தாலும் உருவம் மாறாது. இது காப்பீடு. தேடவோ திருத்தவோ முடியாது, ஆனால் கண்ணால் படிக்கலாம், அடுத்து மாற்றும்போது ஒப்பிட்டுப் பார்க்கவும் இதுதான் மூலம். மெஷின் ஓடவில்லை என்றால் அந்த ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து தமிழ் ஃபான்ட்களைப் புது மெஷினில் போட்டு, அங்கே திறந்து, இதே வேலையைச் செய்யுங்கள்.

அப்புறம் யூனிகோடுக்கு மாற்றுவது. வேர்டில் கோப்பைத் திறந்து மேலே ஃபான்ட் பெயரைப் பாருங்கள். அந்தப் பெயரை வைத்து எந்தக் குறியேற்றம் என்று கண்டுபிடித்துக்கொண்டு, உரையைக் காப்பி செய்து என்.எச்.எம். கன்வெர்ட்டரிலோ சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியிலோ ஒட்டினால் யூனிகோடு வந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் முதலில் மாற்றிப் பாருங்கள். முழுசும் தமிழாக வந்தால் சரியான குறியேற்றம். பாதி வார்த்தை வந்து பாதி உளறினால் வேறொன்றை முயலுங்கள்.

மாற்றிவிட்டு அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடாதீர்கள். நடுவில் நிஜமாகவே ஆங்கிலத்தில் அடித்திருந்த சொற்களையும் அந்த மாற்றி தமிழ் என்று நினைத்துக்கொள்ளும். மணமகன் பெயருக்குப் பின்னால் ஆங்கில எழுத்தில் இருந்த எம்.ஏ. பட்டம் 'ஆ.யு.' என்று வந்து நிற்கும். ஒரு பத்திரிகையில் இதைப் பார்த்துவிட்டு யாரோ, "ஆயுள் விருத்தின்னு போட்டிருக்கு போல" என்றாராம். 'ஔ' எழுத்து 'ஒ'வும் 'ள'வுமாகப் பிரிந்து கிடக்கும். 'ஸ்ரீ', 'க்ஷ' இரண்டையும் கண்ணால் பாருங்கள். பேஜ்மேக்கர் கோப்பை இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸின் டிரா ஓரளவுக்குத் திறக்கும், அமைப்பு குலைந்தாலும் உரை கிடைத்தால் போதும் அல்லவா. கூட்டுறவுச் சங்கம், ரைஸ் மில் மாதிரி இடங்களில் ஃபாக்ஸ்புரோ என்ற பழைய தரவுத்தள மென்பொருளில் போட்டு வைத்த டி.பி.எஃப். கோப்புகள் இருந்தால் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் அப்படியே திறக்கும், இது பலருக்குத் தெரியாது.

வாத்தியாரின் 112 பக்கத்தை மாற்றி முடிக்க ஒரு மத்தியானம் ஆனது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தூசியும் மழையும்

சரி, சரக்கு வெளியே வந்தாச்சு. இப்போது மெஷின்.

நம் ஊரில் கம்ப்யூட்டரைக் கொல்வது வயசு இல்லை. அறுவடை நேரத்து நெல் சுணையும் ஐப்பசி ஈரமும்தான். சுணை, பிராசஸரின் சூட்டை இறக்கும் ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு நடுவில் போய் கம்பளி நெய்த மாதிரி அடைத்துக்கொள்ளும். காற்று போகாது, பிராசஸர் சுடும், சுட்டால் அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், நாம் "வைரஸ் போல" என்று சொல்லி ஃபார்மட் அடிப்போம். திறந்து பாருங்கள். பெயின்ட் அடிக்கிற இரண்டு இஞ்ச் பிரஷ், சின்ன ப்ளோயர் போதும். ஊதும்போது ஃபேனை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றுக்குத் தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போகும். ஃபேனுக்கு அடியில் இருக்கும் தெர்மல் பேஸ்ட் பத்து வருஷத்தில் சுண்ணாம்பாகக் காய்ந்திருக்கும். துடைத்துவிட்டு ஒரு மிளகு அளவு புதிதாக வைத்தால் போதும், இட்லிக்குச் சட்னி மாதிரி ஊற்ற வேண்டாம்.

ரேமைக் கழற்றி அதன் தங்க நிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துத் திரும்பச் சொருகுவது பழைய வைத்தியம்தான், ஆனால் மழைக்காலத்தில் கடைக்கு வருகிற 'டிஸ்ப்ளே வரலண்ணே' கேஸில் பாதிக்கு மேல் இதிலேயே முடிந்துவிடும். ஸ்பீக்கர் விட்டு விட்டுக் கத்திக்கொண்டே இருந்தால் முதல் சந்தேகம் ரேம்மேல் வையுங்கள். ரப்பர் தூளை ஊதிவிட்டுச் சொருகுங்கள், அது வேறு உள்ளே போய் உட்காரப்போகிறது.

மதர்போர்டில் நிற்கும் குட்டி டிரம் மாதிரியான கப்பாசிட்டர்களின் தலை சமமாக இருக்க வேண்டும். உப்பியிருந்தால், பழுப்பாகக் கசிந்திருந்தால், அதுதான் திடீர் திடீரென்று ரீஸ்டார்ட் ஆவதற்குக் காரணம். 2000ஐ ஒட்டிய வருஷங்களில் வந்த போர்டுகளில் இது பெரிய வியாதியாகவே இருந்தது. அதே மைக்ரோ ஃபாரட், அதே வோல்ட் அல்லது கொஞ்சம் கூட, 105 டிகிரி வகை என்று கேட்டு வாங்கி, நல்ல டி.வி. மெக்கானிக்கிடம் கொடுத்தால் மாற்றிக் கொடுத்துவிடுவார். மெஷினுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் பழைய டப்பா மானிட்டரையும் மட்டும் நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கரண்ட் பிடித்து வைத்திருக்கும். விளையாட்டு இல்லை.

ஜந்துக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சம்பா பச்சைகட்டி நிற்கும்போது சாயங்காலம் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மானிட்டர் முன் உட்கார்ந்தால் பச்சைத் தத்துப்பூச்சி படையெடுக்கும். சூடு தேடி எறும்பு எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் குடித்தனம் போடும். பின்பக்கம் காலியாக இருக்கும் ஸ்லாட்டின் தகடு இல்லையென்றால் அது பல்லிக்கு வாசல். ஒரு முறை போர்டில் குறுக்கே படுத்தபடி கருகிப்போன பல்லியை எடுத்திருக்கிறேன், போர்டும் போய்ச் சேர்ந்திருந்தது. அந்த ஓட்டையை நெட்லான் துண்டு வைத்து அடையுங்கள்.

பயன்படுத்தாத மெஷினை மழைக்காலத்தில் போர்த்தி மூடி வைக்காதீர்கள். வாரத்துக்கு ஒரு நாள் ஒரு மணி நேரம் ஓட விட்டால் அந்தச் சூட்டிலேயே ஈரம் ஓடிவிடும். தரையில் வைக்காதீர்கள். கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது முத்துப்பேட்டையில் என் சித்தப்பா வீட்டுக்குள் புகுந்த தண்ணீர் கட்டில் கால் உயரம். தரையில் இருந்த சி.பி.யு. சேற்றோடு வந்தது. கரண்ட் திரும்ப வர வாரக்கணக்கில் ஆனதுதான் ஒரு வகையில் நல்லது, ஆசைப்பட்டு யாரும் ஆன் பண்ணிப் பார்க்க முடியவில்லை. நனைந்த மெஷினுக்கு அதுதான் முதல் விதி. டிஸ்க்கைத் தனியாகக் கழற்றி வெளிப்புறத்தை மட்டும் துடைத்து, போர்டை நல்ல தண்ணீரில் சேறு போகக் கழுவி, நிழலில் பல நாள் உலர்த்தினோம். போர்டு பிழைக்கவில்லை. டிஸ்க் பிழைத்தது. அரிசி மூட்டைக்குள் புதைக்கச் சொல்லி ஊரே யோசனை சொன்னது, நெல் விளைகிற ஊர் வேறெதைச் சொல்லும், ஆனால் அரிசித் தவிடுதான் உள்ளே போகுமே தவிர உருப்படியாக ஒன்றும் நடக்காது.

கரண்ட்

ஆற்றில் தண்ணீர் வராத வருஷம் போர்செட் எல்லாம் ஒன்றாக ஓடும், கிராமத்தில் வோல்டேஜ் இறங்கிவிடும். யு.பி.எஸ். இல்லாமல் பழைய மெஷினை ஓட்டாதீர்கள். யு.பி.எஸ். இருந்தும் பயனில்லாமல் இருப்பதுதான் அதிகம், ஏனென்றால் உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஏ.எச். பேட்டரி இரண்டு மூன்று வருஷத்தில் போய்விடும். கரண்ட் போன அதே நொடியில் மெஷினும் அணைந்தால் யு.பி.எஸ்.ஸைக் கழிக்க வேண்டாம், பேட்டரியை மட்டும் மாற்றுங்கள். பழையதைக் கொடுத்தால் கடையில் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள்.

இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்குங்கள், ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. டயல்-அப் காலத்தில் இடி வருவதே டெலிபோன் ஒயர் வழியாகத்தான். அந்தக் கீச்சுச் சத்தம் போட்டு நெட் கனெக்ட் ஆவதற்குள் ஒரு காபி குடித்துவிடலாம், நெட் ஓடும்போது வீட்டு போன் எங்கேஜ்டு, திருவாரூரிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போன அத்தை நேரில் வந்து திட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஒரு ஐப்பசியில் மட்டும் எனக்கு இரண்டு மோடம் காலி.

தேதி ஒவ்வொரு முறையும் பழைய வருஷத்துக்கே போகிறதா? போர்டில் பத்து ரூபாய் நாணயம் மாதிரி வட்டமாக இருக்கும் சி.ஆர். 2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. நூறு ரூபாய்க்குள் வேலை. இதைச் செய்யாமல் விட்டால் பிரவுசர் எந்த வெப்சைட்டுக்குப் போனாலும் "இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்று சொல்லும், நெட் கோளாறு என்று நினைத்து கனெக்‌ஷன்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

லேப்டாப்பில் டச் பேட் மேலெழும்பி நிற்கிறது, மூடி சரியாக மூடவில்லை என்றால் பேட்டரி உப்பியிருக்கிறது. அழுத்தி மூடாதீர்கள், குத்தாதீர்கள், உடனே அணைத்துக் கழற்றச் சொல்லுங்கள்.

வேகம்

இது சுருக்கமாக முடியும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் என்ற இடத்தில் எப்போதும் 100 சதவீதம் என்று சிவப்பாக நின்றால், ரேம் வாங்கும் காசை எடுத்து முதலில் எஸ்.எஸ்.டி. (சுற்றும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) வாங்குங்கள். சாட்டா உள்ள எந்தப் பழைய மெஷினிலும் இரண்டரை இஞ்ச் எஸ்.எஸ்.டி. ஓடும். பழைய கோர் டூ டுயோ பிராசஸர் கூட எழுந்து நடக்கும். 2011இலிருந்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் எத்தனை வீட்டில் டி.வி.க்கு அடியில் சும்மா கிடக்கின்றன தெரியுமா, அவற்றில் பலவற்றை இந்த ஒரு மாற்றத்தால் தம்பி தங்கைகளின் படிப்புக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். ரேம் வாங்கப் போனால் பழையதைக் கழற்றிக் கையில் எடுத்துப் போங்கள். டி.டி.ஆர். 2, 3, 4 மூன்றிலும் வெட்டு ஒவ்வொரு இடத்தில் இருக்கும், ஒன்றில் மற்றொன்று ஏறாது. லேப்டாப் என்றால் டி.டி.ஆர். 3 வகையா, 'டி.டி.ஆர். 3 எல்' வகையா என்று லேபிளைப் படியுங்கள்.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு இலவசப் புதுப்பிப்பு முடிந்தது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை இழுக்கலாம். விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறைக்கும் டி.பி.எம். 2.0 பாதுகாப்பு சிப்புக்கும் கீழே இறங்கி வராது. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்பார்கள், ஏறும், ஆனால் அடுத்த பெரிய புதுப்பிப்பில் என்ன ஆகும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது, நான் செய்து கொடுப்பதில்லை. 4 ஜி.பி. ரேம் இருந்தால், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு, 2 ஜி.பி. என்றால் லுபுன்டு மாதிரி ஏதாவது. முதலில் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, வைஃபை, பிரிண்டர் இரண்டும் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு போடுங்கள். தமிழ்99 அதிலேயே இருக்கிறது. பேங்க் வேலையைப் பழைய விண்டோஸ் 7இல் செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், தயவுசெய்து அதை மட்டும் போனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

என் கடையில் விண்டோஸ் எக்ஸ்.பி. மெஷின் ஒன்று இன்னமும் ஓடுகிறது. நெட் ஒயரே கிடையாது. பேஜ்மேக்கர், பழைய ஃபான்ட், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், அவ்வளவுதான் அதன் உலகம். அதில் தமிழ் யூனிகோடு சரியாகத் தெரிய வைப்பதற்கே ரீஜனல் செட்டிங்கில் ஒரு டிக் போட்டு, அது சி.டி. கேட்டு, அந்த சி.டி.யை அடுத்த கடையில் ஓசி வாங்கி வந்த ஞாபகம் இருக்கிறது. நெட் இல்லாதவரை அது யாருக்கும் தொந்தரவில்லை.

கழித்தே தீர வேண்டும் என்றால் பழைய இரும்புக் கடைக்குப் போடுவதற்கு முன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அழித்துவிட்டுப் போட்டேன் என்று சொல்லாதீர்கள், ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தது எல்லாம் அழித்ததாக ஆகாது. ஆதார் ஸ்கேன், பத்திர நகல், பொண்ணு போட்டோ எல்லாம் எடைக்குப் போய்விடும். டிஸ்க்மேல் ஸ்டிக்கர் ஒட்டி யாருடையது, எந்த வருஷம் என்று எழுதுங்கள். என் டிராயரில் ஒன்பது கிடக்கிறது, அதில் இரண்டு எதென்று எனக்கே தெரியவில்லை.

வாத்தியார் மறுநாள் வந்தார். யூனிகோடில் மாற்றியது, பி.டி.எஃப்., இரண்டையும் கொடுத்து, ஒரு பிரதி அச்செடுத்தும் கொடுத்தேன். நின்றபடியே நாலைந்து பக்கம் புரட்டினார். ஒரு இடத்தில் விரலை வைத்து, "இங்க பாரு தம்பி, தீர்த்தத்துல ஒரு புள்ளி விட்டிருக்கேன்" என்றார். பார்த்தேன், ஆமாம், மாற்றியின் தப்பு இல்லை, 2001இல் அவரே விட்டது. பேனாவைக் கேட்டு வாங்கித் திருத்தினார். "அப்ப இந்த டப்பாவ இங்கயே வச்சிக்கட்டுமா சார், பார்ட்ஸுக்கு ஆகும்" என்றேன்.

"அட, வேண்டாம். அடுத்த பூஜைக்குப் பொட்டு வைக்க ஒண்ணு வேணும்ல" என்று சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டார்.

சரி, வைக்கட்டும். பக்கவாட்டுத் தகட்டில் வைக்கச் சொல்லி அனுப்பினேன். நீங்களும் பட்டன்மேல் மட்டும் வைக்காதீர்கள், யு.எஸ்.பி. ஓட்டைக்குள்ளும் குங்குமம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.